மொட்டு வைக்காத லில்லி

…இல்லை மாஸ்ரர், அது கண்ணூறு இல்லாமல் வேறை என்ன எண்டு கேக்கிறன். துலாவை விடுங்கோ, தண்ணி எங்கையும் ஓடிப்போகாது. நீங்கள் இந்த வளவுக்குக் குடிவந்து பத்து நாள்தானே. உங்களுக்கு உந்த லில்லியின்ரை கதை தெரியாது.

கிழங்கைக் கொண்டந்தது என்ரை சகலன், பத்மாசினியின்ரை மனிசன். பத்மாசினி எண்டால் என்ரை மனிசியின்ரை தங்கச்சி, உந்த வேலிக்கு அங்காலை இருக்கிறவள். எண்பத்திமூண்டுக் கலவரத்திலை கண்டியை விட்டு ஓடியரேக்கை சனம் நகையைக் கொண்டந்தது, காணி உறுதியைக் கொண்டந்தது. உவர் இரண்டு கிழங்கைச் உடுத்த சாரத்திலை முடிஞ்சு கொண்டந்தவர். இரண்டு சாதியைக் கலந்து எடுத்ததாம். றோஸ் நிறப் பூவாம், வாசமாம். ஒண்டு அவைக்கு, ஒண்டு எங்களுக்கு.

பத்மாசினி என்ன செய்தாள்? உடுப்புத் தோய்க்கிற தண்ணி ஓடுற இடத்திலை ஒரு கிடங்கு கிண்டித் தாட்டாள். பிறகு திரும்பியும் பாக்கேல்லை. அது ஒரு தண்டிலை ஏழு பூப் பூத்து நிக்குது. பின்னேரம் பட்டால் ஒழுங்கை முழுக்க மணம். என்ரை மனிசி குணலட்சுமி தேத்தண்ணியையும் தூக்கிக்கொண்டு அங்கை போயிடுவாள். நான் இஞ்சை தனிய ஊத்திக் குடிக்கிறன்.

நான் ஆர்? முப்பது வருசம் வெங்காயம் வைச்சவன். விதை வெங்காயம் பாக்கப் புத்தூர் முழுக்க என்னைத்தான் கூப்பிடும். எங்கடை லில்லிக்கும் ஆட்டெரு போட்டு, பாத்தி கட்டி, நேரத்துக்குத் தண்ணி மாறி... ஒரு மொட்டு? ம்ஹும். நேற்று குணலட்சுமி கேக்கிறாள், "வெங்காயம் விளைவிச்சது நீங்கள்தானோ, இல்லாட்டிக் கூலிக்காரரோ" எண்டு. முப்பது வருசம் அந்த வெங்காயத்திலை சீவிச்சவள் கேக்கிற கேள்வியே? நெஞ்சு சுட்டுப்போச்சு மாஸ்ரர்.

கண்ணூறுதான். இல்லாட்டிப் பத்மாசினி நல்லதைத் தான் வைச்சுக்கொண்டு சூத்தைக் கிழங்கை எங்களிட்டைத் தள்ளியிருக்கிறாள்.

என்ன, ஒழுங்காப் பாத்தனோ எண்டோ? நல்லாக் கேட்டியள். அதுவும் வெங்காயம் மாதிரித்தானே, மூண்டு மாசத்திலை இலை சாயவேணும், அப்பதான் கிண்டலாம், இல்லையே? உந்த மூதேவி பச்சைப்பசேலெண்டு நிண்டுது. நான் விடுவனே? மிதிச்சுச் சாச்சு, கிண்டி, வெய்யிலிலை காயவிட்டு, பிடி கட்டிக் குசினிக் கூரை வளையிலை புகை படத் தொங்கவிட்டு, பிறகு திரும்ப நட்டன். ஒருக்காலோ? இரண்டு வருசத்திலை ஆறு தரம். பத்மாசினி ஒருக்காலும் கிண்டினதில்லை. அவளுக்கு எங்கை உந்த நுட்பம் தெரியும்...

என்ன மாஸ்ரர், வாளியைக் கிணத்துக்கை விட்டிட்டியள்.

ஓம்... ஓம்... மெள்ளக் கதையுங்கோ. அப்ப கிண்டவே கூடாதோ? ம். வளையிலைதான் இப்பவும் தொங்குது. இண்டைக்கே இறக்கி நடுறன். ஆனா ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ, முக்கியமா அங்காலை. பூத்தால் கண்ணூறு கழிஞ்சுது எண்டு சொல்லுவம்.

ஆர் அது, வேலிக்கு அங்காலை சிரிக்கிறது? பத்மாசினியோ?

இரண்டு குரல் கேக்குது.

குணலட்சுமி... தேத்தண்ணி ஆறமுந்தி வீட்டை வா.