ஈரக் கோணி

கமலவேணி: இன்னிக்கு என்ன, ஐஸ் இவ்வளவுதானா?

கருணாகரன்: கட்டி அதே கட்டிதான். வெயிலு கூட. ஜாலான் பெண்டஹாரா தாண்டுறதுக்குள்ள மரத்தூளெல்லாம் சொதசொதன்னு ஆயிருச்சு...

கமலவேணி: கோணியப் போட்டு மூடிக்கிட்டு வரலாமில்ல? சும்மாதானே கையில வச்சிருக்கீங்க?

கருணாகரன்: இது ஐஸுக்கு இல்ல. உங்க வீட்டுத் தெம்பாயானுக்கு.

கமலவேணி: எங்க தண்ணிச் சாடிக்கு என்ன கேடு?

கருணாகரன்: கேடு ஒண்ணுமில்ல. கோணிய நல்லா நனைச்சு, சாடியச் சுத்திக் கட்டிருங்க. வெயிலு படாம, காத்தோட்டமா வைங்க. காயக் காயத் தண்ணி தெளிங்க. மத்தியானம் உங்கப்பா குளிக்கிறப்போ சில்லுன்னு இருக்கும். ஐஸே வேணாம்.

கமலவேணி: ஐஸ்காரரே ஐஸ் வேணாம்ங்கிறீங்க. உங்க மொதலாளி தவுக்கே காதுல விழுந்தா...

கருணாகரன்: விழட்டும்.

கமலவேணி: கோணி நாறும். அப்பாவுக்கு ஆகாது.

கருணாகரன்: அலசி ரெண்டு நாள் காயப்போட்டுத்தான் கொண்டாந்தேன். மோந்து பாருங்க.

கமலவேணி: நல்லா இருக்கே! வாசல்ல நின்னு கோணிய மோந்து பாக்கணுமா? எதிர்வீட்டுப் பூங்காவனம் அக்கா ஏற்கனவே சன்னல விட்டு நகர மாட்டேங்குறாங்க.

கருணாகரன்: அப்ப கோணி வேணாம். விடியக்காலையில கிணத்துல எறைச்சு அப்படியே ஊத்துங்க. அதும் பல்லு கிட்டுற குளிருதான்.

கமலவேணி: அப்பா எட்டு மணிக்கு முன்னால எந்திரிக்கவே மாட்டாரு.

கருணாகரன்: முப்பது வருஷம் ரப்பர் காயவைக்கிற புகைவீட்டுக்கு நாலு மணிக்கே போன மனுஷன்... எட்டு மணியா?

கமலவேணி: வேலைய விட்டாச்சுல்ல? தூங்குறாரு. இப்பக்கூடத் தூங்கிக்கிட்டுத்தான் இருக்காரு. உங்களுக்கு என்ன?

கருணாகரன்: எனக்கு ஒண்ணுமில்ல. சரி... பானையில மொண்டு, கயித்தக் கட்டி, கிணத்துக்குள்ள எறக்கி வச்சா?

கமலவேணி: கயிறு அந்துரும்.

கருணாகரன்: புதுக் கயிறு கொண்டாறேன்.

கமலவேணி: புதுசும் அந்துரும்! புகையில வெந்த உடம்புங்க அது. முதுகெல்லாம் வேர்க்குரு. கயித்துக்கும் கோணிக்கும் அடங்குற சூடா? ஐஸ்தான் வேணும்.

கருணாகரன்: ம்... அவரு இருமல் சத்தமே இப்பல்லாம் கேக்கலையே.

கமலவேணி: கோயிலுக்குப் போயிருக்காரு.

கருணாகரன்: இப்பதான் தூங்குறாருன்னீங்க.

கமலவேணி: எந்திரிச்சுப் போயிருப்பாரு... ஏன் நோண்டி நோண்டிக் கேக்குறீங்க? இத்தனை நாள் இல்லாம இன்னிக்கு என்ன, கோணி, கயிறுன்னு?

கருணாகரன்: சிங்கப்பூர் ஐஸ் பெக்டரியில ஆள் கேட்டிருக்காங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்.

கமலவேணி: அப்ப எங்க தெருவுக்கு?

கருணாகரன்: நான் போயிட்டா இந்தத் தெருவுக்கு வேற ஆளு வர மாட்டாங்க. தவுக்கே இந்தக் கஜா பெராங் பக்கம் ஐஸ் போடுறத எப்பவோ விட்டுட்டாரு.

கமலவேணி: விட்டுட்டாரா? அப்ப தினமும் நீங்க வர்றது?

கருணாகரன்: வேலை முடிஞ்சு... என் சைக்கிள்ல வர்றேன்.

கமலவேணி: வீட்டுக்குப் போற வழியா இது?

கருணாகரன்: எங்க வீடு பத்து பெரெண்டாம் பக்கம். அது வேற திசை.

கமலவேணி: இத்தனை நாளா... ஏன் சொல்லல?

கருணாகரன்: நீங்க மட்டும் எல்லாத்தையும் சொன்னீங்களாக்கும்? முன்னெல்லாம் "ஐஸ்காரண்ணே"ன்னு தெருக்கோடி வரைக்கும் கேக்கும். தைப்பூசம் கழிஞ்சதுலேருந்து அந்த அண்ணேயக் காணோம். நான் ஏன்னு கேட்டனா?

கமலவேணி: மறந்து போயிருக்கும்...

கருணாகரன்: சரி, மறந்ததாவே இருக்கட்டும். கோணிய இந்தப் படியில வைக்கிறேன். எடுத்துக்கிட்டீங்கன்னா நான் கிளம்புறேன்.

கமலவேணி: எடுக்கலன்னா?

கருணாகரன்: சிங்கப்பூருக்கு வரலன்னு சொல்லிருவேன்.

கமலவேணி: ...எடுத்துட்டுப் போயிருங்க அத. எனக்கு வேணாம்.

கருணாகரன்: உங்களுக்கா, அப்பாவுக்கா?

கமலவேணி: பொய் சொல்லிச் சொல்லி வாயே வலிக்குதுங்க... அப்பா இங்க இல்ல. இந்தியாவுல அத்தை கூப்பிட்டாங்கன்னு ஊருக்குக் கப்பலேறி மூணு மாசமாச்சு. நீயும் வாம்மான்னு அழுதாரு. தையல் வேலை இருக்கு, மெர்டேக்கா சுதந்திரத்துக்கு அப்புறம் குடியுரிமைக்கும் எழுதிக் குடுத்தாச்சுன்னு என்னென்னவோ சொல்லி நின்னுட்டேன். நீங்க குடுக்குற ஐஸ அந்தச் சாடியில போட்டு, கரையிற வரைக்கும் கைய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். கரைஞ்சதும் எப்படா விடியும்னு இருக்கும்... இப்பச் சொல்லுங்க, வெறும் சாடிக்கு ஐஸ் வாங்குனவள என்னன்னு நெனப்பீங்க?

கருணாகரன்: எனக்கு அவரு கிளம்புன அன்னிக்கே தெரியும். நீங்க வாசப்படியிலயே அழுதுக்கிட்டு நின்னுட்டீங்க... அவரு பெட்டிய, துறைமுகத்துக்குப் போற பஸ்ஸு மேல ஏத்திவிட்டது நாந்தான். பஸ்ஸு கிளம்புறப்போ என் கையப் புடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு... "நான் போயிட்டேன்னு ஐஸ மட்டும் நிறுத்திராதீங்க தம்பி."