எள்ளளவுச் சிலந்திக்கு ஒரு பெயர்

முதலில் ஒரு திருத்தம். சிலந்தி பூச்சி அல்ல. பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு. உங்கள் ஏட்டு என் வாக்குமூலத்தின் முதல் வரியிலேயே ‘பூச்சி ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர்’ என்று எழுதிவைத்திருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் தாளையும் பேனாவையும் கொடுங்கள், நானே எழுதித் தருகிறேன் என்றேன். உங்களுக்கும் வேலை மிச்சம், இன்ஸ்பெக்டர் தமிழினி அவர்களே.

நான் சுந்தர்ராஜ். திருப்பத்தூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறைத் தலைவர். காணாமல் போனதாக நீங்கள் தேடிய கரோலின் என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். மாதனூர்ப் பெண். தாய் ஜெயபுஷ்பம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். தகப்பன் இல்லை. எங்கள் சபைக்காரர்கள்தான். மகளை என்னிடம் சேர்த்த அன்று அந்த அம்மாள் தோல் வாடை வீசும் கையைக் கூப்பி, “உங்க கைல ஒப்படைச்சிட்டேன் சார், இனிமே நீங்கதான் பாத்துக்கணும்” என்றார். இப்படிப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கல்லூரி என்ன அனாதை இல்லமா?

கரோலினைக் கெட்டிக்காரி என்று சொல்லமாட்டேன். உழைப்பாளி. ஜவ்வாது மலைக் காட்டில் சருகை அள்ளிச் சல்லடையில் போட்டு வெள்ளைத் துணிமேல் சலிக்க வேண்டும். பிறகு துணியில் எது நகர்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதுகு ஒடிகிற வேலை, யார் வேண்டுமானாலும் செய்யலாம். அப்படிச் சலித்ததில்தான் எள்ளைவிடச் சிறியதாக, தேன் நிறத்தில் அது கிடைத்தது. ஆண். அதன் வாயருகே இருக்கும் சின்ன உணர்காலின் நுனியை நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒரு சிலந்தி புதிய இனமா இல்லையா என்பதை அந்த நுனிதான் சொல்லும். உலகத்தில் அதுவரை யாரும் விவரித்திராத சிலந்தி அது.

உங்களுக்கு இதன் மதிப்பு புரியாது என்பதால் சொல்கிறேன். ஓர் இனத்தை முதலில் விவரித்து அச்சிடுபவரின் பெயர் அந்த இனத்தின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும், மனித குலம் இருக்கும்வரை. நான் பணிக்காலம் முழுவதும் தேர்வுத்தாள் திருத்தியே தேய்ந்தவன். என்னிடம் பாஸ் மார்க் வாங்கித் தப்பித்த நவநீதன் சென்னையில் உட்கார்ந்துகொண்டு வருஷத்துக்கு ஒரு சிலந்திக்குப் பின்னால் தன் பெயரை ஒட்டிக்கொள்கிறான். என் பெயர் துறை வாசலில் ஒரு பலகையில் இருக்கிறது. ஓய்வு பெற்ற மறுநாள் அதையும் கழற்றிவிடுவார்கள்.

இந்த நிலையில்தான் கரோலின் ஒரு நாள் என் அறைக்கு வந்தாள். “சார், நான்தான புடிச்சேன். நானே எழுதுறேன் சார். உங்க பேரு ரெண்டாவதா போட்டுக்கலாம்” என்றாள். திமிர் என்று நினைக்காதீர்கள், அந்த அளவுக்கு அவளுக்கு யோசனை கிடையாது. வெகுளியாகத்தான் சொன்னாள். சிலந்திக்குப் பெயரையும் யோசித்து வைத்திருந்தாள். தாயின் பெயராம். அம்மா தைத்துத் தைத்தே படிக்கவைத்தார்களாம். ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற ஒரு பெண்ணின் பெயரை நாளை ஜெர்மனிக்காரனும் ஜப்பான்காரனும் உச்சரிக்க வேண்டுமாம். சரி, பார்க்கலாம் என்றேன். நான் யாரிடமும் குரலை உயர்த்துவதில்லை.

பெண் சிலந்தியும் கிடைத்தால்தான் விவரிப்பு முழுமையாகும். அதைத் தேடி என் காரில் மறுபடி மலைக்குப் போனோம், நாங்கள் இருவர் மட்டும். வனக்காவலரை அழைத்தால் வழியெல்லாம் பேசியே கழுத்தறுப்பார். அன்று மதியம் அவளைத் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டேன் என்று உங்களிடம் முதலில் சொல்லியிருந்தேன். அது சரியல்ல. அவள் ஓடைப் பாறையில் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தாள். நான் தள்ளவில்லை. அந்த மாதிரி முரட்டு வேலை எனக்குப் பழக்கமில்லை. இறங்கிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்திருந்தது. அவள் அழவில்லை. “சார், கால அசைக்க முடியல. இங்க டவரும் இல்ல. கீழ போய் யாரனா கூட்டினு வாங்க சார்” என்றாள். தண்ணீர் பாட்டிலை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கீழே ரோட்டோரம் டீக்கடை இருந்தது. டவரும் இருந்தது. “இன்னா சார், தனியா வர்றீங்க? காலைல கூட ஒரு பொண்ணு இருந்துச்சே” என்று கடைக்காரர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. சர்க்கரை கம்மியாக ஒரு டீ குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. செய்யாமல் இருந்தாலே போதும். வண்டியை எடுத்தேன்.

பிறகு நீங்கள் நடத்திய விசாரணையை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. இளம்பெண்ணைக் காணவில்லையா, காதல் விவகாரம்தான் என்று முடிவு கட்டி, அவளோடு படித்த கோபியைக் கூட்டிவந்து ஸ்டேஷனில் உட்காரவைத்தீர்கள். அந்தப் பையன் அழுத அழுகையைக் கூட உங்களால் படிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் நான் தனியாகப் போனேன். பெண் சிலந்தி வேண்டுமே. கரோலின் விழுந்த இடத்தில் இல்லை. தவழ்ந்து ஒரு மரத்தடிக்குப் போய்ச் சாய்ந்திருந்தாள். உயிர் இல்லை. மடியில் துப்பட்டாவை விரித்திருந்தாள். சுற்றிலும் கையால் கிளறிய சருகு. விரல்களுக்குள் ஒரு சின்னக் குப்பி. அதில், ஸ்பிரிட்டுக்குள், பெண் சிலந்தி கிடந்தது. கூடவே வழக்கப்படி பென்சிலால் எழுதிய சீட்டு: இடம், தேதி, பிடித்தவர் பெயர். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், பென்சிலால்தான் எழுத வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நான் ஆள் கூட்டிவரப் போயிருக்கிறேன் என்று நம்பி, காத்திருந்த நேரத்தை வீணாக்காமல் வேலை பார்த்திருக்கிறாள். அன்றுதான் எனக்கு அவள்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. நானும் அங்கேயே சலித்துப் பார்த்தேன். வேறொன்றும் அகப்படவில்லை. சலித்த சருகை எங்காவது கொட்டத்தானே வேண்டும். அவள்மேல் கொட்டிவிட்டு வந்தேன்.

சில மாதங்களில் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் நான் ஒருவன்தான். சிலந்திக்குக் கரோலின் பெயரையே வைத்தேன். விவரிக்கிறவன் தன் பெயரையே இனத்துக்கு வைத்துக்கொள்வது எங்கள் துறையில் அநாகரிகம். பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பது என் பெயர்தான். ஒரு பிரதியை மாதனூருக்கு எடுத்துப்போனேன். ஜெயபுஷ்பம் அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினார். படத்தைக் காட்டி விளக்கினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. “எம் பொண்ணு எங்க சார்? உங்ககூடதான வந்தா?” என்றார். “உம் பொண்ணு பேரு இனி அழியாதும்மா” என்றேன். தாளைத் திருப்பி என் கையில் வைத்துவிட்டு நடந்துபோனார். நன்றி என்ற ஒரு சொல்லைக்கூட இந்த ஜனங்களிடம் எதிர்பார்க்க முடியாது.

அதே பிரதியைத்தான் உங்கள் மேஜையில் வைத்தேன், மாணவிமேல் எனக்கிருந்த அக்கறைக்குச் சாட்சியாக. நீங்கள் அதைப் படிப்பீர்கள் என்று நினைக்கவில்லை. “சார், காணாம போயி மூணாம் நாள் தேதில இவங்க எப்டி காட்ல பூச்சி புடிச்சாங்க?” என்று கேட்டீர்கள். இடமும் அச்சில் இருந்தது. ஆள்களோடு போய்ச் சருகை விலக்கினீர்கள்.

ஆம், சீட்டில் இருந்த தேதியை அப்படியே கொடுத்தேன். முந்தைய தேதி ஒன்றைப் போட்டிருந்தால் நீங்கள் இன்னும் கோபியையே குடைந்துகொண்டிருப்பீர்கள். அத்தனை நாள் அவள் உயிரோடு காத்திருந்தாள் என்பது சீட்டைப் படித்தபோதே எனக்குத் தெரியும். அதற்காகத் தேதியை மாற்ற முடியுமா? போலீசிடம் பொய் சொல்லலாம், பெற்ற தாயிடமும் சொல்லலாம். ஓர் இனத்தின் விவரிப்பில் தேதியை மாற்றுகிறவன் மனிதனே அல்ல. நவநீதன் செய்வான்.

கால் உடைந்து கிடந்தவளை, சாகட்டும் என்று தெரிந்தேதான் விட்டுவிட்டு வந்தேன். ஒப்புக்கொள்கிறேன். கையெழுத்திடுமுன் ஒரு வேண்டுகோள். நீங்கள் கைப்பற்றிய குப்பிகளை ஜன்னலோரம் வெயில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறீர்கள். ஸ்பிரிட் ஆவியாகிக்கொண்டே இருக்கும். தினமும் யாராவது போய்ப் பார்க்க வேண்டும். அந்தப் பெண் சிலந்தி உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கேட்பாரற்றுக் கிடக்கும்படி விட்டுவிட்டுப் போகிறவனுக்கு நெஞ்சில் ஈரமே இருக்க முடியாது.