பத்தாவது மாணவன்

முதல் பாடவேளையில் நம் பள்ளிக்கூடத்தைச் சூடாக்கும் நீராவிக் குழாய்கள் டக்டக்கென்று தட்டிக்கொண்டே இருக்கும். மற்றவர்களுக்குத் தொந்தரவு. எனக்குப் பிடிக்கும், ஹாஸ் சார். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம்கூடக் கிடையாது. அம்மாவுக்கு டெ மாய்ன் நகரத்தில் ஆஸ்பத்திரி வேலை. நான் கிளம்பும்போது தூங்குவாள், திரும்பும்போது வேலைக்குப் போயிருப்பாள்.

தலைமையாசிரியராக நீங்கள் விசாரிக்க மேஜைமேல் வைத்திருக்கும் மஞ்சள் சீட்டு என் வரலாற்றுப் புத்தகத்தில் இருந்ததுதான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது எடுக்க மறந்துவிட்டேன்.

கல்லூரித் தரத்து அமெரிக்க வரலாற்று வகுப்புக்குப் பத்துப் பேர் சேர்ந்தால்தான் நடத்துவார்கள். ஒன்பது பேர் இருந்தோம். பத்தாவதாக கோல்ட்டன் ரீம்ஸைப் பிடித்துவந்தது நான். அடுத்த பண்ணைக்காரர் மகன், மல்யுத்தக்காரன்.

"வாரத்துக்கு நாப்பது பக்கமா? நான் பன்னிக்குத் தீனி வைப்பேனா, உன் ஜெஃபர்சனப் படிப்பேனாடா, எல்லிஸ்?"

"நான் சொல்லித் தரேன்."

ஒரு மேஜைக்கு இரண்டு பேர். இத்தனை வருஷத்தில் என் பக்கத்து நாற்காலியில் ஒருவன் தினமும் உட்கார்ந்தது அப்போதுதான்.

செப்டம்பரில் இரண்டு தேர்வு, இரண்டிலும் மண்ணைக் கவ்வினான். பாடத்தை விட்டு விலக மூன்றாம் வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவன் அப்பா கையெழுத்திட்ட அந்த மஞ்சள் விலகல் சீட்டை என்னிடம் நீட்டினான். ஆபீசில் எடுபிடி வேலை செய்பவன் நான்தானே.

"ப்ரூயட் அம்மாகிட்ட மறக்காம குடுத்துடுடா. எனக்குப் பயிற்சிக்கு நேரமாச்சு."

நான் மறக்கவில்லை. மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தேன். பத்தாவது ஆள் போனால் வகுப்பே போய்விடும், மற்றவர்கள் படிப்பு கெடும் என்று நினைத்தேன். நியாயமான நினைப்புதான். தொடங்கிவிட்ட வகுப்பை ஆள் குறைந்தாலும் நிறுத்த மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமையும் கோல்ட்டன் பெயர் பட்டியலில் இருக்கவே, ஆபீஸ் குமாஸ்தா ப்ரூயட் அம்மா இழுப்பறை எல்லாம் தேடினார். "கண்ணு, நெசமா என்கிட்டதான் குடுத்தியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எனக்கு ஞாபகமே இல்லையேப்பா" என்று உட்கார்ந்துவிட்டார். கிறிஸ்துமஸுக்கு முன் வேலையை விட்டார். மறதி நோய் வந்துவிட்டதோ என்று டாக்டரிடம் போனதாகக் கேள்வி. நல்ல மனுஷி.

கெடு தாண்டிவிட்டதால் விலக முடியாத கோல்ட்டன் ஞாயிறுதோறும் பீட்சாவோடு எங்கள் வீட்டுக்குப் படிக்க வந்தான். ஒரு பழைய ஆவணத்தை எடுத்தால் யார் எழுதியது, யாருக்கு, எதற்காக என்று கேட்கப் பழக்கினேன். டிசம்பர் மாதத் தேர்வில் தேறினான். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் ஜனவரியில் அரையாண்டுத் தேர்வு. அரையாண்டில் தேறுபவன் பாடத்தை விட்டுவிடலாம். தோற்றவன் மீதிப் பாதியும் இருந்து ஈடுகட்ட வேண்டும்.

"ஜனவரியோட உன் ஜெஃபர்சனுக்கு டாட்டாடா" என்றான்.

பாடத்தில் தோற்றால் முப்பது நாள் மல்யுத்தப் போட்டியில் இறங்க முடியாது என்ற விதியும் உண்டு. பிப்ரவரியில் மாநிலப் போட்டி. அங்கே அவனைப் பார்க்க மினசோட்டாவிலிருந்து கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர் வருவதாக இருந்தார். அவருக்குப் பிடித்துப்போனால் கல்லூரி, இல்லையென்றால் பன்றிக் கொட்டகை.

ஆபீசில் நகல் எடுக்கும்போது அரையாண்டு வினாத்தாளைப் பார்த்தேன். ரயில் கம்பெனிகளும் விவசாயிகளும் பற்றிய கட்டுரை. அவனிடம் உள்நாட்டுப் போர் என்றேன்.

"நிச்சயமாடா?"

"கண்ணால பாத்தேன்."

நான்கு மதிப்பெண்ணில் தோற்றான். டீச்சர் கடைசியில் மாற்றிவிட்டார் போலிருக்கிறது என்றேன். நம்பினான். திருட்டுத்தனமாகத் தெரிந்துகொண்ட சங்கதி, யாரிடமும் போய்க் கேட்கவும் முடியாது.

அந்த முப்பது நாளும் மாலையில் எங்கள் வீட்டில்தான் இருந்தான். அவன் இல்லாமல் அணி தோற்றதால் மல்யுத்தப் பையன்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாநிலப் போட்டியை எங்கள் சோபாவில் உட்கார்ந்து டிவியில் பார்த்தான். அவன் எடைப் பிரிவில் ஜெயித்தவன் டிசம்பரில் அவனிடம் தோற்றவன். கோல்ட்டன் தலையணையை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதான். நான் சோளப்பொரி பொரித்துக் கொடுத்தேன். பிறகு அப்படியே தூங்கிப்போனான். வீட்டில் இன்னொருவர் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைவிட நல்ல குளிர்காலம் எனக்கு வாய்த்ததில்லை.

மினசோட்டாக்காரர் பிறகு கூப்பிடவில்லை. இப்போது அவன் கொட்டகைதான் பார்க்கிறான். போன வாரம், "நீ ஒருத்தன்தான்டா என்கூட நின்ன" என்றான்.

ஆமாம் சார், சீட்டை மறைத்தது நான். ப்ரூயட் அம்மாவிடம் பொய் சொன்னதும், கேள்வியை மாற்றிச் சொன்னதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். கோல்ட்டனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாவம், என்னை விட்டால் அவனுக்கு யாரும் இல்லை.