மாலுமி மனைவியின் அரிசி டப்பா

ஃபாதர், இந்த வாரம் பூசைக்குக் குடை எடுத்துவர மறந்ததற்காக என் தங்கையைத் திட்டினேன். மற்றபடி சொல்லும்படியாக ஒன்றுமில்லை. சிந்தியா விஷயத்தை அவள் அம்மா லீனா உங்களிடம் சொல்லி, நீங்களாகக் கேட்டதால் சொல்கிறேன்.

என் இங்கிலீஷ் டியூஷன் விவேக் நகரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முன்னறையில் பாய் விரித்து, பள்ளியில் கொடுக்கிற ஹோம்வொர்க்கை நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதும். இலக்கணம், பாட்டின் கருத்து, கட்டுரை, எல்லாம் என் வாயிலிருந்துதான் வரும். மார்க் வருகிறவரை யார் கேட்கப்போகிறார்கள்?

சிந்தியா மட்டும் "நானே எழுதிப் பாக்குறேன் மிஸ்" என்பாள். லீனா பீன்யா பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் துணி தைக்கிறவள். வீட்டை விட்டுப் போன புருஷன் திரும்பவில்லை. அதனால் சிந்தியாவிடம் நான் ஃபீஸ் வாங்கவில்லை. இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

பத்தாம் வகுப்புப் பாடத்தில், கடலுக்குப் போன மாலுமியைப் பற்றி ஒரு கவிதை. அவன் மனைவி பேசுவதுபோல் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். மற்ற பிள்ளைகளுக்கு அலை, நிலா, கண்ணீர் என்று சொல்லிக்கொடுத்தேன். சிந்தியா எழுதிய மனைவி கடல் பக்கமே திரும்பவில்லை. தினமும் அரிசி டப்பாவைக் குலுக்கி, அதன் சத்தத்தை வைத்துப் புருஷன் போய் எவ்வளவு காலமாயிற்று என்று தெரிந்துகொள்கிறாள்.

சிவப்புப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓரிடத்திலும் வைக்க முடியவில்லை. வயிறு எரிந்தது, ஃபாதர். அந்த வயதில் நானும் இங்கிலீஷில் கதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பியவள்தான். எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன.

பள்ளியில் அதைப் படித்துவிட்டு, பத்தாவது முடிந்ததும் அவளுக்குப் பியூசியில் இலவச இடம் தரலாம் என்று பேச்சு. அதற்கு முன் பிரின்சிபல் சிஸ்டர் எனக்குப் போன் செய்தார்.

"நோரா மிஸ், நெஜமா அந்தப் பொண்ணே எழுதினதா?"

"உங்களுக்குத் தெரியாததா சிஸ்டர்? என் டியூஷன்ல யாரு சொந்தமா எழுதறாங்க?"

அவ்வளவுதான். அதில் ஒரு பொய் இருக்கிறதா, சொல்லுங்கள். பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டேன்.

இடம் வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. லீனா ஓடி வந்தாள்.

"அவதான் எழுதினான்னு ஒரு வார்த்தை சிஸ்டர்கிட்ட சொல்லுங்க மிஸ். உங்க கால்ல வேணா விழறேன். அவ சும்மா பொய் சொல்ற பொண்ணு இல்ல மிஸ்."

"ஒருத்தருக்குப் பேசினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க லீனா."

காபி கொடுத்தேன், குடிக்கவில்லை. வாசலில் நின்ற சிந்தியா அழவில்லை. "ஏன் மிஸ்?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அடுப்பில் பால் இருந்தது, உள்ளே போய்விட்டேன்.

இப்போது அம்மாவோடு அதே கம்பெனி வண்டியில் பீன்யாவுக்குப் போகிறாள். காலர் தைக்கிறாளாம். கைத்தொழில் தெரிந்த பெண் கெட்டுப்போகமாட்டாள்.

அந்தக் கட்டுரையா? ஒவ்வொரு வரியும் அவள் எழுதியதுதான். சிஸ்டரிடம் பேசும்போதே எனக்குத் தெரியும். அவள் மேலே போகக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன்.

என் மனதை உறுத்துவது அதுவல்ல. பூசையில் எனக்கு முன் பெஞ்சில்தான் உட்காருகிறாள். திரும்பி ஒரு "குட்மார்னிங் மிஸ்" கிடையாது. இத்தனை வருஷம் சும்மா சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நன்றி மறப்பது பாவம் என்று வருகிற ஞாயிறு பிரசங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஃபாதர். நான் சொல்லச் சொன்னதாக அவளுக்குத் தெரியவேண்டாம்.