கால் மில்லிமீட்டர்

கிளிப் கழற்றும் அன்று எல்லோரும் முதலில் கேட்பது கண்ணாடியைத்தான். இரண்டு வருஷம் பல்லில் கம்பியோடு திரிந்தவர்கள் இல்லையா, நாக்கால் தடவித் தடவிப் பார்ப்பார்கள். வழவழவென்று இருக்கிறது என்பார்கள். காரணமில்லாமல் சிரிப்பார்கள். அந்த நேரம் பார்த்து நான் பின்னறையிலிருந்து ஒரு சின்ன டப்பாவோடு வந்து நின்றால் யாருக்கும் பிடிக்காது. பரீட்சை முடிந்த அன்றே அடுத்த வகுப்புப் புத்தகத்தை நீட்டியதுபோல முகம் போகும். டப்பாவில் இருப்பது ரீட்டெய்னர், பல்வரிசை மேல் மாட்டிக்கொள்ளும் கண்ணாடி நிற பிளாஸ்டிக் உறை. ஆறு மாதம் நாள் முழுக்கப் போட வேண்டும். அப்புறம் தூங்கும்போது மட்டும், ஆயுசு முழுக்க.

எதற்கு என்று கேட்பார்கள். பல் சொன்ன இடத்தில் நிற்காது, பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும் என்பேன். நான் டாக்டர் இல்லை, கிளினிக்கில் பல் அச்சும் உறையும் செய்பவள்; பத்தொன்பது வருஷமாக இதைச் சொல்கிறேன். பாதிப் பேர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொல்லி ஏழு கேள்விகள் கொடுத்துவிட்டுப் போனீர்கள். பல் டாக்டர்கள் சங்கத்திலிருந்து விசாரணைக்கு வந்தவர்களில் நீங்கள்தான் குரலை உயர்த்தவில்லை, அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். நீங்கள் பல் டாக்டர். தொழிலை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என் மகளைத்தான் விளக்க வேண்டும்.

அவளை வீட்டில் முயல் என்று கூப்பிடுவேன். முன்பல் இரண்டும் தூக்கிக்கொண்டிருந்ததால் நான் வைத்த பெயர். அவள் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. பதினாறு வயதில் எங்கள் டாக்டரே கம்பி போட்டு, பதினெட்டில் கழற்றினார். அவள் பல்லுக்கு அச்சு வார்த்ததும் ரீட்டெய்னர் செய்ததும் நான். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் அப்பா வேறு வீட்டில் இருக்கிறார். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

படிப்பு முடிந்து வேறு ஊரில் வேலைக்குப் போனாள். பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் பள்ளி அது. பிள்ளைகள் இவள் வாயைப் பார்த்துத்தான் பழக வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் உதடு எங்கே, பல் எங்கே, நாக்கு எங்கே என்று வாயைத் திறந்து காட்ட வேண்டும். நான் செய்த உறை காத்த பல்வரிசையைப் பார்த்து யாரோ பெற்ற பிள்ளைகள் "அம்மா" என்று சொல்லப் பழகின. எனக்கு அதில் பெருமைதான்.

முதல் வருஷம் மாதம் ஒருமுறை வந்தாள். அடுத்த வருஷம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. பிறகு ஐந்து மாதம் வரவேயில்லை. "வேலை ஜாஸ்திம்மா, அடுத்த வாரம் பாக்கறேன்" என்பாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அவளைக் கல் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் சந்தோஷமாக இருந்தாள். சந்தோஷமாக இருப்பவர்களுக்கு நாள் போவது தெரியாது.

எனக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் நிலையத்துக்குப் போய், அந்த ஊர் பஸ் காலியாகும்வரை நின்றுவிட்டு வருவேன். அவள் வருவதாகச் சொல்லியிருக்கமாட்டாள், தெரிந்தேதான் போவேன். ஒருநாள் கண்டக்டர், "யாரைம்மா தேடறீங்க?" என்று கேட்டார். "வேற பஸ் போல" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வழியில்தான் உறைத்தது, சனிக்கிழமை மதியம் கிளினிக் பூட்டியதிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அது. அன்று எனக்குப் பயம் வந்தது. இப்படியே நான் ஒருநாள் விழுந்து கிடந்தால் திங்கட்கிழமைதான் யாருக்கும் தெரியும் என்ற பயம் இல்லை. அவள் வராமலே பழகிவிடுவாளோ என்ற பயம்.

அந்தச் சமயத்தில் அவளுடைய ரீட்டெய்னர் உடைந்தது. தானாக உடைந்தது, அதில் என் கை இல்லை. அடுத்த பஸ்ஸில் வந்து மூன்று நாள் இருந்தாள். அளவு எடுக்கும் பசையைத் தட்டில் நிரப்பி அவள் வாயில் வைத்து, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். பசை இறுகும்வரை அவளால் பேச முடியாது, எழுந்து போக முடியாது, "நேரமாச்சும்மா" என்று சொல்ல முடியாது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவள் கண்ணாலேயே சிரித்தாள். பசை இறுகிய பிறகும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த உறைக்கு மெல்லிய பிளாஸ்டிக் தகடாக எடுத்தேன். நாலு மாதத்தில் விரிசல் விடும் என்று தெரியும். விட்டது. ஆனால் அவள் வரவில்லை. "இங்கயே ஒரு கிளினிக்ல பண்ணிக்கிட்டேன்மா. அரை நாள்ல குடுத்துட்டாங்க. உனக்கு எதுக்கு சிரமம்" என்றாள். போனை வைத்த பிறகு யோசித்தேன். உடைந்த உறையை எவரும் செய்து தருவார்கள். கோணிப்போன பல்லை, அதை நேராக்கிய இடத்தில்தான் கொண்டுவந்து காட்டுவார்கள்.

அவள் அடுத்து வந்தபோது, "வெளியில செஞ்சது சரியா உக்காரல, அம்மா ஒண்ணு செஞ்சு தரேன்" என்றேன். சின்னக் கோணல் ஒன்றைச் சரிசெய்ய நாம் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். வார்த்த அச்சில் அந்தப் பல்லை மட்டும் அறுத்தெடுத்து, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே மெழுகு வைத்து நிறுத்தி, அதன்மேல் தகட்டைச் சூடாக்கி அழுத்துவோம். உறையைப் போடப் போட, வாயிலுள்ள பல் அந்த இடத்துக்கு நகரும். நான் செய்ததும் அதே வேலைதான். அச்சில் நேராக நின்ற பல்லை அறுத்து, கால் மில்லிமீட்டர் திருப்பி வைத்தேன். இரண்டு மூன்று தாளின் கனம். அதற்குமேல் இல்லை.

"இறுக்கமா இருக்கும்மா" என்றாள்.

"புதுசுன்னா ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும்" என்றேன். அது பொய்யில்லை.

இரண்டு மாதத்தில் பல் திரும்பியிருந்தது. வந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, "ராத்திரி ஒழுங்கா போட்டுக்கறியா?" என்று கேட்டார்.

"ஒரு நாள்கூட விட்டதில்ல டாக்டர்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "எல்லாப் பிள்ளைங்களும் சொல்றதைத்தான் இவளும் சொல்றா" என்றேன். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். முயலும் கொஞ்சம் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பல்லை மீண்டும் நேராக்க மூன்று உறை வேண்டும், மூன்று வாரத்துக்கு ஒன்று. தபாலில் அனுப்பக் கூடாதா என்று கேட்டாள். வாயில் மாட்டிப் பார்க்காமல் தர முடியாது என்றேன். அது நேரானதும் கொஞ்ச நாள் விட்டு, பக்கத்துப் பல். அப்புறம் அதற்குப் பக்கத்துப் பல். இப்படி மூன்று வருஷம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் என் ஆளும் இறங்கினாள். அந்த மூன்று வருஷம்போல நான் நிம்மதியாக இருந்ததில்லை. கேட்டதால் சொல்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

ஒரு விஷயம் அவளுக்குப் புரியவேயில்லை. அவள் எவ்வளவு ஒழுங்காகப் போட்டாளோ, அவ்வளவு ஒழுங்காகப் பல் நகர்ந்தது. சோம்பேறியாக இருந்திருந்தால் தப்பித்திருப்பாள். தன்மேலேயே நம்பிக்கை போய், தினமும் காலையில் உறையோடு வாயைப் படமெடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். பகலிலும் போட ஆரம்பித்தாள். வகுப்பில் கையால் வாயை மறைத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது என்றாள். "நான் 'ச' சொன்னா இப்ப கொஞ்சம் காத்து போகுதும்மா. பிள்ளைங்க அதையும் சேத்துக் கத்துக்குதுங்க."

ஒரு தடவை அவள் இரண்டு மணிக்கட்டிலும் சிவந்த தடம் இருந்தது. என்ன என்று கேட்டேன்.

"தூக்கத்துல நானே கழட்டிடறேன் போலம்மா. அதான் கையைக் கட்டிக்கிட்டுப் படுக்கறேன்."

தடத்துக்கு மருந்து போட்டுவிட்டேன். அவள் கட்டிக்கொண்டது முரட்டுக் கயிறு. மெத்தென்று இருக்கட்டும் என்று பழைய பருத்தித் துணியில் இரண்டு பட்டை கிழித்து, ஓரம் தைத்து, பையில் வைத்து அனுப்பினேன்.

மூன்றாம் வருஷக் கடைசியில் டாக்டருக்கே சந்தேகம் வந்து எக்ஸ்ரே எடுத்தார். மேல்வரிசை முன்பல் நாலுக்கும் வேர் பாதி கரைந்திருந்தது. முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருந்தால் அப்படி ஆகும். டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம், "அக்கா, இனிமே ஒரு பல்லையும் அசைக்கக் கூடாது. இருக்கற இடத்துலயே பிடிச்சு வெச்சாப் போதும். இன்னும் கொஞ்சம் கரைஞ்சா நிக்காது" என்றார்.

நான் பயந்துபோனேன். உண்மையான ரீட்டெய்னர் செய்து கொடுத்தேன், எதையும் அறுக்காமல், எதையும் திருப்பாமல். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் அவள் பல் அசையவில்லை. மூன்று மாதம் அவளும் வரவில்லை.

அப்புறம் போன் வந்தது. அவள் குரலில் அவ்வளவு தெம்பை நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. பள்ளியில் கூட வேலை பார்க்கும் ஓவிய வாத்தியாரைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறாள். "ரெண்டு பேரும் வெளிநாட்டுல ஒரு ஸ்கூலுக்கு எழுதிப் போட்டிருந்தோம்மா. கிடைச்சிருச்சு. கல்யாணத்தை முடிச்சிட்டுக் கிளம்பறோம். இத்தனை நாள் இந்தப் பல்லாலதான் தயங்கிக்கிட்டு இருந்தேன். இப்ப அந்தக் கவலையும் இல்ல."

"நல்லதும்மா" என்றேன். "போறதுக்கு முன்னாடி வந்து புதுசா ஒண்ணு வாங்கிட்டுப் போ."

நான்காம் கேள்வியில், வேர் கரைந்திருப்பது தெரிந்த பிறகும் செய்தீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம். அன்று அச்சில் நாலு பல்லையும் அறுத்தேன். நேரம் குறைவாக இருந்ததால் கால் மில்லிமீட்டர் போதவில்லை. அரை வைத்தேன்.

பல் வகுப்பறையில் விழுந்தது. 'த' சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாளாம். அதற்கு நாக்கு நுனி மேல்பல்லில் முட்ட வேண்டும். பதினொரு பிள்ளைகள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. என்ன ஆயிற்று என்று வாயால் சொன்னாலும் அதுகளுக்குக் கேட்காது. ஒரு பெண் குழந்தை பல்லைக் குனிந்து எடுத்து அவள் கையில் கொடுத்ததாம். அடுத்த வாரம் இன்னொன்று. மூன்றாவதை எங்கள் டாக்டர் பிடுங்க வேண்டியதாயிற்று. வெளிநாட்டு வேலை நின்றுபோனது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அவளுக்குச் சொல் போகவில்லை, அவளே பேசுவதை நிறுத்திக்கொண்டாள். வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் என்னோடு இருந்தாள். சோற்றைக் குழைத்துக் கொடுப்பேன், சாப்பிடுவாள். ஒருநாள், "எல்லாம் என் தப்புதாம்மா" என்றாள். "போகட்டும் விடு" என்றேன்.

நான் மாட்டிக்கொண்டது என் புத்தியால் இல்லை, பாசத்தால். எல்லோருடைய அச்சையும் ஒரு வருஷத்தில் உடைத்துக் குப்பையில் போடுவது எங்கள் வழக்கம். அவளுடையதை மட்டும் உடைக்கக் கை வரவில்லை. இருபத்திரண்டு அச்சுகள், அலமாரிக்கு மேல் ஒரு பெட்டியில், பழைய துணியில் சுற்றி வைத்திருந்தேன். காரணம் தேடிக்கொண்டிருந்த டாக்டர் அதை எடுத்து மேசையில் வரிசையாக அடுக்கினார். வெள்ளை அச்சில் அறுத்த தடமும் ரோஸ் மெழுகும் எந்தப் பல்லில் இருக்கிறது, எந்தத் தேதியில் என்று பார்த்தால் நம் தொழிலில் இருப்பவர்களுக்கு அரை நிமிடம் போதும்.

"பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கீங்களே அக்கா" என்றார். தொட்டிலை ஆட்ட எனக்கு வேறு வழி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன், முயல் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மேசைக்கு வந்து ஒவ்வொரு அச்சாக எடுத்துப் பார்த்தாள். வாயை மூடியிருந்த கையை எடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் கையைக் கட்டிக்கிட்டுப் படுத்தேனேம்மா?"

அன்று மதியமே ஓவிய வாத்தியார் வந்து அழைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை. மூன்று மாதம் ஆகிறது. எனக்குத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்குவதில்லை. உங்கள் சங்கம் என் மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் எடுக்கட்டும். ஜெயிலுக்கு அனுப்பினாலும் பரவாயில்லை, அங்கேயாவது பார்க்க வரும் நாள் என்று ஒன்று இருக்கும்.

கடைசிக் கேள்வி, பாதிக்கப்பட்டவரிடம் ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா என்பது. நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். அவளுக்கு இப்போது கட்டுப்பல் வேண்டும். அவள் பல்லின் நிறமும் அளவும் என்னைவிட யாருக்கும் தெரியாது. மூன்றையும் செய்து வைத்துவிட்டேன், என் வாழ்நாளில் இவ்வளவு நேர்த்தியாக எதையும் செய்ததில்லை. இந்தத் தடவை நான் எதையும் மாற்றவில்லை, சத்தியமாக. மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. பல் போன இடத்தில் எலும்பு வற்றிக்கொண்டே இருக்கும், இன்று பொருந்துவது அடுத்த வருஷம் தானாகவே ஆடும். இனி ஆயுசு முழுக்க அவள் வந்துகொண்டுதான் இருக்க வேண்டும்.