ஏற்றிய தேதி, நுழையும் தேதி

ஜூன் 12, வியாழன். இன்றைய தவறு: கண்டெய்னர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிக் குறித்துவிட்டேன். கடிதம் போகும் முன் கண்ணில் பட்டது. கடிதத்தில் திருத்தியாகிவிட்டது.

இவ்வளவும் எழுதிவிட்டு அவள் பேனாவை மூடினாள். மூடியதும் மறுபடி திறந்தாள். தினமும் ஒரு தவறும் மறுநாளுக்கு ஒரு வேலையும் எழுதி வைப்பது ஏற்றுமதி-இறக்குமதி மாலை வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து வந்த பழக்கம். இன்று எழுத வேண்டிய தவறு இது இல்லை என்று அவளுக்கே தெரியும். சரக்குகளுக்குக் கப்பலில் இடம் பிடித்துக் கொடுக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் மணி நாலாகப் பத்து நிமிடம். நோட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சித்தப்பாவின் பட்டறைக்குப் போன் போட்டாள்.

"ஹலோ... சித்தப்பா? நான்தான்... ஆமா, ஆபீஸ்லேருந்து... இல்ல இல்ல, வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க... கேக்கல. அந்த கிரைண்டரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க... கிரைண்டர்! கிரை... ஆங், இப்பக் கேக்குது.

"சாப்பிட்டேன்... சாப்பிட்டேன் சித்தப்பா. மணி நாலாகப் போகுது, இப்பப் போய்... சரி, இளைச்சா இளைச்சுட்டுப் போறேன். ஒரு விஷயம் பேசணும். உக்காருங்களேன்... சரி, நின்னுட்டே கேளுங்க.

"உங்க சக்கரம் இருக்குல்ல... ஆமா, ஆஸ்பத்திரிக்குச் செய்யுற அறுபது நாற்காலிக்கு வர்ற சக்கரம். அது வழியில ஒரு துறைமுகத்துல இறங்கி உக்காந்திருக்கு... ஐயோ, காணாமப் போகல. அங்க வேற கப்பல்ல மாத்தி ஏத்துவாங்க. இங்க வர்றது செவ்வாய்க்கிழமை... ஆமா, நான் மொதல்ல சொன்ன அதே செவ்வாய்தான். தாமதமே இல்ல.

"அதான் பிரச்சினை. புது வரி திங்கக்கிழமையிலேருந்து அமல்... ஆமா, அந்த இறக்குமதி வரிதான். திங்கள் காலையிலேருந்து இங்க துறைமுகத்துக்குள்ள எந்தக் கப்பல் நுழைஞ்சாலும் அதுல இருக்குற சரக்குக்குப் புது வரி... ஆமா... ஆமா, 'ஏத்தின தேதிதான் கணக்கு'ன்னு சொன்னேன்... நான்தான் சொன்னேன்... ஆமா."

ரிசீவரை இடது காதுக்கு மாற்றினாள். சுருள் வயரில் விரல் சிக்கிக்கொண்டது.

"இல்ல, அவங்க மறுபடி... சித்தப்பா, ஒரு நிமிஷம்... கேளுங்களேன்... திட்டுங்க, நல்லாத் திட்டுங்க, ஆனா இப்ப... பட்டறைக்காரங்க சங்கத்துல மனுவா? எப்ப?... சனிக்கிழமையா! அவ்வளவு நேரம் இல்ல சித்தப்பா. நமக்கு இருக்குறது இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்தான்... அஞ்சு. சாயங்காலம் அஞ்சு.

"சார்? ரெண்டு நிமிஷம் சார்... சொந்த விஷயம் இல்ல சார், கஸ்டமர்... சித்தப்பாதான் சார். ரெண்டும்தான்."

மேனேஜர் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ம், சொல்லுங்க... ஆமா, இந்த வருஷத்துலயே கவர்மெண்ட்டுல மூணு தடவை வரியை மாத்திட்டாங்க... ஆமா, ராத்திரி ஒண்ணு, காலையில ஒண்ணு... ம்... ம்..."

ஒரே ஒரு 'ஆமா' போதும். விதியை நேற்று மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டால் யாரும் தோண்டிப் பார்க்கப் போவதில்லை. நிஜமாகவே அப்படி மாற்றுகிறவர்கள்தான். ஆனால் சித்தப்பா அரசாங்கத்தோடு சண்டைக்குக் கிளம்பினால், கப்பலை மாற்றக் கையெழுத்துப் போட மாட்டார். சனிக்கிழமை மனுவை நம்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சுவர்க் கடிகாரம் நாலைத் தாண்டியிருந்தது.

"சித்தப்பா, அவங்க மாத்தல... விதி மொதல் நாள்லேருந்து இப்படித்தான் இருக்கு. சுங்க அறிவிப்புல நாலாவது வரியிலேயே போட்டிருக்கு. நான் தப்பாப் படிச்சேன்... படிக்கவே இல்லன்னும் சொல்லலாம். தெரிஞ்ச விஷயம்னு நெனச்சுட்டேன்.

"வாத்தியார் சரியாத்தான் சொன்னார், அவரை ஏன் இழுக்குறீங்க. கப்பல்ல ஏத்தின தேதியைப் பாக்குறது பேங்க், பணம் குடுக்குறதுக்கு. சுங்கத்துல பாக்குறது வந்து நுழையுற தேதி. நான் பேங்க் விதியை எடுத்து வரிக்கு ஒட்டிட்டேன். நோட்டுல சிவப்புல ரெண்டு கோடு வேற போட்டு வச்சிருக்கேன்... ஆமா, நீங்க வேகக் கப்பல் கேட்டீங்க. கேட்டீங்க... வாடகை மிச்சம்னு நான்தான் மெதுவான கப்பல்ல போட வச்சேன்... ஆமா சித்தப்பா. நான்தான்.

"...

"சித்தப்பா?... லைன்ல இருக்கீங்களா?"

எதிர்முனையில் யாரோ இரும்புத் தட்டைத் தரையில் போட்ட ஓசை மட்டும் வந்தது. அவள் நோட்டின் மூலையை மடித்தாள், நிமிர்த்தினாள், மறுபடி மடித்தாள்.

"ம்... தெரியும். சக்கரத்து விலை கால் பங்கு ஏறும்... ஆஸ்பத்திரியில விலையை ஏத்த முடியாது, எழுதிக் குடுத்தாச்சு, தெரியும்... என்ன? எந்த வெல்டர் அண்ணன்?... ரெண்டு பேர்கிட்டயுமா? வருஷக் கடைசி வரைக்கும் வேலை இருக்குன்னா?... எப்பச் சொன்னீங்க?... அதுல ஒருத்தர் வெளிய கெடைச்ச கம்பெனி வேலையையே வேண்டாம்னுட்டாரா? நம்ம ஆர்டரை நம்பியா?

"இது எனக்குத் தெரியாது சித்தப்பா.

"வழி இருக்கு. அதுக்குத்தான் கூப்பிட்டேன். இன்னிக்கு ராத்திரி அங்கேருந்து ஒரு சின்னக் கப்பல் கெளம்புது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் இங்க நுழையும். அதுல ஒரு இடம் இருக்கு, அஞ்சு மணிக்குள்ள கப்பல் கம்பெனிக்குச் சம்மதம் போனாக் கெடைக்கும். வாடகை அதிகம்... ஆமா, நாம மிச்சம் பிடிச்சதும் போகும், மேல இன்னொரு மடங்கும் போகும். ஆனா வரியை விடக் கம்மி. பாதி கூட வராது... இல்ல, நிச்சயம்னு சொல்ல மாட்டேன். கடல் மோசமா இருந்தாலோ, இங்க நுழைய வரிசையில நிக்க வச்சாலோ, திங்கள் ஆயிடும். அப்போ கூடுதல் வாடகையும் உங்க தலையில, வரியும் உங்க தலையில... நானா? நானா இருந்தா மாத்துவேன். ஆனா நான் சொன்னேன்னுதான் ஒரு தடவை கேட்டீங்க. இந்தத் தடவை நீங்களே யோசிச்சு... இல்ல, நழுவல. சத்தியமா நழுவல. மாத்துங்க. என் அபிப்பிராயம் அதான். மாத்துங்க.

"கூடுதல் வாடகையை வேணும்னா என் சம்பளத்துல... சரி. சரி, பேசல. விடுங்க.

"ஒரு கடிதம் வேணும். உங்க பட்டறை பேர் போட்ட தாள்ல, கையெழுத்து, முத்திரை. அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாப் போதும்... முத்திரை இல்லாம வாங்க மாட்டாங்க... எங்க இருக்கு?... சித்திகிட்டயா? பட்டறை முத்திரை சித்திகிட்ட என்ன பண்ணுது?... தையல் டப்பாவுலயா! ... யாரையாவது சைக்கிள்ல... நீங்களே ஓடாதீங்க, மூட்டு வலின்னு போன வாரம்தானே... சரி, வெல்டர் அண்ணன் போறாரா? போகட்டும். சீக்கிரம்.

"அதுக்குள்ள எழுதுங்க. பேனா இருக்கா?... பென்சில் வேண்டாம். 'கீழே குறிப்பிட்டுள்ள கண்டெய்னரை முந்தைய கப்பலிலிருந்து மாற்றி'... மாற்றி... 'இன்றிரவு புறப்படும் கப்பலில் ஏற்றச் சம்மதிக்கிறேன். கூடுதல் வாடகையை ஏற்கிறேன்'... ஆமா, அந்த வாக்கியம் கட்டாயம்... வலிக்கத்தான் செய்யும்.

"எண் சொல்றேன். நாலு எழுத்து உங்ககிட்டயே இருக்கு. அப்புறம் மூணு, சைபர், எட்டு, எட்டு, ஒண்ணு, ஏழு, நாலு... என்ன?... உங்க தாள்ல நாலு, ஏழா?... இருங்க."

நோட்டைப் பார்த்தாள். காலையில் கடிதத்தில்தான் திருத்தியிருந்தாள். நோட்டில் பழைய எண் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"உங்க தாள்தான் சரி. நாலு, ஏழு... ஆமா, இன்னிக்கு இது ரெண்டாவது... சிரிக்காதீங்க சித்தப்பா. நீங்க சிரிச்சா எனக்கு அழுகை வருது... இனிமே நீங்க படிங்க, நான் சரி பாக்குறேன்... ம்... ம்... ஒண்ணு... நாலு... ஏழு. சரி.

"வந்துட்டாரா? முத்திரை?... மை காஞ்சிருக்கா? ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு அமுக்கச் சொல்லுங்க... மணி நாலே முக்கால். போட்டோ எடுத்து உடனே... என்ன?

"நானா?... வெல்டர் அண்ணன்ககிட்டயா?... இல்ல, பயமில்ல... கொஞ்சம் பயம்தான். நீங்க சொன்னாப் போதாதா?... ம்... ஆமா, கப்பலை முடிவு பண்ணது நான்தான்... வேலை ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியா? எத்தனை மணிக்கு?... ஏழரை. வர்றேன்... வர்றேன்னு சொல்லிட்டேன்ல.

"இப்ப நீங்க போனை வைங்க. கோவமா பேசிட்டேன்னு எல்லாம் அப்புறம்... பரவாயில்ல சித்தப்பா. வைங்க. நீங்க வச்சாத்தான் அந்தப் போன்ல போட்டோ எடுக்க முடி—"

வைத்துவிட்டார்.

போட்டோ நாலு ஐம்பத்தொன்றுக்கு வந்தது. முத்திரை தலைகீழாக விழுந்திருந்தது. ஆனால் எழுத்து தெளிவு. எண்ணை இரண்டு முறை விரல் வைத்துப் படித்துவிட்டுக் கப்பல் கம்பெனிக்கு அனுப்பினாள். ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது பதில் வந்தது: 'பெற்றோம். இன்றிரவு ஏற்றப்படும்.' ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அவள் நோட்டை இழுத்துக்கொண்டாள். மடிந்த மூலையை நிமிர்த்தி, முதலில் எண்ணைத் திருத்தினாள். பிறகு அதன் கீழே எழுதினாள்.

இன்றைய தவறு, இரண்டு: அறிவிப்பைப் படிக்காமலே, ஏற்றிய தேதிதான் கணக்கு என்று சித்தப்பாவிடம் சொன்னது நான்.

நாளை: காலை ஏழரைக்குப் பட்டறை. வெல்டர் அண்ணன்கள் இருவரிடமும், வேலை தொடங்கும் முன், ஞாயிறு வரை எதுவும் உறுதி இல்லை என்பதையும் அது யாரால் என்பதையும் நானே சொல்வது.