ட்ரிப் சுவிட்சைத் தாண்டி வந்த வயர்

மேடையில் வீற்றிருக்கும் போடி மின்பொருள் வணிகர் சங்கப் பெரியோர்களே, போதகர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணனின் மகள் மகிமா உள்ளிட்ட குடும்பத்தாரே, குச்சனூர் பக்கமிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே! சங்கச் செயலாளர் அழகுமலையின் வணக்கம்.

எங்கள் தலைவர், மறைந்த விஜய்ராஜ் அண்ணனைப் புகழ்ந்து பேசத்தான் என்னை அழைத்தார்கள். புகழ்கிறேன். ஆனால் வயிற்றெரிச்சலோடுதான் புகழ முடியும்!

அந்த மனிதர் ஆயுள் முழுக்க நம்மிடம் என்ன கேட்டார்? சொத்தா கேட்டார்? ஓட்டா கேட்டார்? வயர் தாங்குகிற அளவுக்குத்தான் கரண்ட்டை விடுங்கள் என்று கேட்டார். கேட்டோமா? மோட்டார் ரூமில் பீஸ் போனால், ஏன் போனது என்று பார்க்காமல் கெட்டிக் கம்பியை முறுக்கிச் சொருகினோம். இதோ உட்கார்ந்திருக்கிற வீரணன் ஒருமுறை அண்ணன் கடைக்கு வந்து, "அண்ணே, அத்துப் போகாத பீஸ் கம்பி குடுங்க" என்றார். "அத்துப் போறதுக்குத்தேன்யா பீஸு! அது போகலைன்னா ஒன் மோட்டாரு போகும்" என்றார் அண்ணன். வீரணன் வேறு கடையில் வாங்கினார். மோட்டார் கருகியது. உள்ளே புதுக் காயில் சுற்ற அண்ணனிடமே வந்தார்!

வீட்டுக்கு வீடு ட்ரிப் சுவிட்ச் போடச் சொன்னார். வீட்டுக்குள் போன கரண்ட் அவ்வளவும் திரும்பி வர வேண்டும். துளி குறைந்தாலும் அது வேறு வழியில், ஒருவேளை யாருடைய உடம்பு வழியாகவோ, மண்ணுக்குப் போகிறது. அந்த நொடியே சுவிட்ச் விழும் என்று கல்யாணப் பந்தியில்கூட விளக்கினார். நாம் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சரி, தோட்டத்தை விடுங்கள். போன வாரம் அவர் வீட்டிலேயே நடந்தது என்ன? குவைத்திலிருந்து மகன் ஜெபராஜ் வரும்வரை உடலை வைக்க ஐஸ் பெட்டி வந்தது. பிளக்கைச் சொருகியதும் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. தூக்கிவிட்டார்கள், மறுபடி விழுந்தது. பெட்டியில் கோளாறு என்று அது தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறது! நம் ஆட்கள், "மகன் மொகம் பாக்கணும்ல, டைரக்டா குடுங்கய்யா" என்று சுவிட்சைத் தாண்டி வயர் இழுத்தார்கள். அத்தனை பேரும் இதே தொழில் செய்கிறவர்கள்! அப்பா முகம் பார்க்கப் பெட்டியில் கை வைத்த மகிமாவைத் தூக்கி எறிந்தது. ஒரே வீட்டில் இரண்டு சாவு விழுந்திருக்குமே!

அந்தப் பிள்ளை கருகிய விரலோடு எழுந்துபோய் மெயினை ஆப் செய்தாள். "எங்க அண்ணன் அப்பா மொகத்தப் பாக்கணும்னா ஐஸ் கட்டி வாங்கியாங்க. அப்பா போட்ட சுவிட்சத் தாண்டி இந்த வீட்டுக்குள்ள கரண்ட் வரக் கூடாது" என்றாள்.

அண்ணன் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எப்படி? படத்துக்குப் பூப் போட்டா? நாளை முதல் நாங்கள் வீடு வீடாக வந்து டைரக்ட் வயர்களை அறுக்கப்போகிறோம், மகிமாவும் வருகிறாள். நீங்கள் இன்றைக்கே வீட்டுக்குப் போய், ட்ரிப் சுவிட்சில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள். சுவிட்ச் விழுந்தால், எங்கள் அண்ணன் உங்கள் வீட்டில் இன்னும் காவல் இருக்கிறார். விழவில்லையா? உடனே கூப்பிடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டீர்களானால் அடுத்த இரங்கல் கூட்டம் உங்களுக்குத்தான். அதில் பேச என்னைக் கூப்பிடாதீர்கள். நான் வர மாட்டேன்!